விழிஞ்ஞத்தில் மூச்சு விடப்படாது

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எனக்கு வாய்த்த வேலையிலோ வாயை மூடினால்தான் பிழைப்பு. தொண்ணூறுகளின் கடைசியில், காற்றில் கரியமில வாயு எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கும் ஆய்வுக்கூடம் ஒன்றில் சேர்ந்திருந்தேன். வாரம் ஒருமுறை விழிஞ்ஞத்துக் கடலோரப் பாறைமேல் ஏறி, உள்காற்றை உறிஞ்சி எடுத்த இரண்டு கண்ணாடிக் குப்பிகளைத் தலைக்குமேல் தூக்கித் திறக்க வேண்டும். கடற்காற்று உள்ளே பாயும். அப்போது மூச்சை அடக்கியாக வேண்டும். நாம் விடும் மூச்சில் அந்த வாயு நூறு மடங்கு அதிகம். கரமனையில் எங்கள் தெருவே சிரித்தது. "இவளாவது, வாயை மூடறதாவது!" என்றாள் அம்மா.

இரண்டு குப்பியும் ஒரே அளவு காட்டினால்தான் கணக்கில் சேரும். எங்களுடையவை காட்டவில்லை. அளந்து பார்க்கும் வெளியூர்க் கூடம் மாதக்கணக்காக அவற்றை ஏற்காமல் தள்ளிவிட்டது. அடுத்ததும் தவறினால் விழிஞ்ஞத்தையே கைவிடுவதென்று முடிவாயிற்று. "மூச்சை ஒழுங்கா அடக்கும்மா" என்று நாகர்கோவில்காரரான மேலதிகாரி ஓயாமல் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முகம் சிவக்க அடக்கிக்கொண்டுதானே நிற்கிறேன்!

அந்தக் கடைசி வாய்ப்பு நாளில் குப்பிகளைத் தூக்கினேன். அவர் வழக்கம்போல் எனக்கு முன்னால், கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, "அடக்கு, நல்லா அடக்கு" என்றார். அன்று வெற்றிலை போட்டிருந்தார். அடக்குவதற்காக நான் மூச்சை இழுத்தபோது அந்த வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. அப்போதுதான் உறைத்தது. ஊருக்கு உபதேசம் செய்தவரின் மூச்சுதான் இத்தனை நாளும் உள்ளே போயிருக்கிறது!

"சார், மூச்சு விடப்படாது!" என்று கத்திவிட்டேன்.

"என்னம்மா, என் வாயவே அடைக்கியா?"

"வாயை இல்லை சார், மூச்சை! நீங்க விடற மூச்சுன்னா குப்பிக்குள்ளே போறது! எனக்குப் பின்னாலே வந்து நில்லுங்கோ."

அவர் முகம் கறுத்தது. ஆனாலும் பின்னால் போய் நின்றார். நான் குப்பிகளைத் திறந்தேன்.

வெளியூர்க் கூடத்திலிருந்து ஃபேக்ஸ் வந்த அன்று அவர்தான் என் மேஜைக்கு ஓடிவந்தார். "ரெண்டும் ஒண்ணுபோல! ஏத்துக்கிட்டாவம்மா!" உலகம் முழுவதிலுமிருந்து சேரும் கணக்கில் எங்கள் விழிஞ்ஞமும் ஒரு புள்ளி ஆயிற்று. காற்று கெடுகிறது என்று எல்லோரும் வாயால் சொன்னார்கள். நாங்கள் அளந்து சொன்னோம். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அடுத்த வாரம் பாறைமேல் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, கன்னம் இரண்டும் உப்ப நின்றிருந்தார். காற்று போகும் பக்கத்தில் நிற்பவர் அடக்கத் தேவையே இல்லை. அதைச் சொல்ல நாக்கு துடித்தது. ஆனால் நான் மூச்சே விடவில்லை.