சுருதிப் பெட்டியின் அடாப்டர்

கருகிய பிளாஸ்டிக் வாசம். அதோடு கலந்து சாமி மாடத்து ஊதுபத்தி வாசம்...

போன வாரம் நம் மலேசியக் கிட்டார் குரூப்பில் ஒருவர் கேட்டிருந்தார்: "அனலாக் டிலே பெடல் வாங்கணும், என்னென்ன பாக்கணும்?" பதில் டைப் பண்ண உட்கார்ந்தேன். முதலில் வந்தது இந்த வாசம்தான்.

அப்போது நாங்கள் லிங்கிக்குப் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், இருந்தோம். என் கூட்டாளி குமரன் ஃபேக்டரி ஓவர்டைம் காசைச் சேர்த்து, போர்ட்டிக்சனில் ஒரு பழைய அனலாக் டிலே வாங்கி வந்தான். மூன்றே மூன்று திருகு குமிழ். பெயிண்ட் உரிந்த பச்சைப் பெட்டி. பிஸ்கட் டின்னில் துணி சுற்றி வைத்திருப்பான்.

ஒரு தடவை கிட்டார் கம்பியைத் தட்டினால் அந்தச் சத்தம் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மங்கி, கொஞ்சம் இருட்டாகி...

எப்படி என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரிந்தது இதுதான். குழாயில் தண்ணீர் வராத நாட்களில் லயத்துக்குத் தண்ணி லாரி வரும். வரிசையாக நின்று வாளியைக் கை மாற்றுவோம். ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் சிந்தும். பெடலுக்குள் இருக்கும் சிப்பும் சத்தத்தை அப்படித்தான் கை மாற்றுகிறது. சிந்துவதுதான் அதன் அழகு.

அந்த வாளி வரிசையில் எனக்குப் பக்கத்தில் எப்போதும் ரஃபிக் நிற்பான். பங்களாதேஷ்காரன், காண்ட்ராக்டில் செம்பனைக் குலை வெட்ட வந்தவன். வயரிங் தெரியும். லயத்தில் எந்த வீட்டில் லைட் போனாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள்.

மாரியம்மன் திருவிழாவுக்கு முதல் நாள் குமரனிடம் பெடலை இரவல் வாங்கினேன். "பேட்டரி கொஞ்சம்தான்டா இருக்கு, பாத்து" என்றான். அரை மணி நேரத்தில் பேட்டரி தீர்ந்தது. கோயில் பஜனைக் குழுவின் மின்சாரச் சுருதிப் பெட்டி எங்கள் வீட்டில்தான் இருந்தது. அதன் அடாப்டரை எடுத்துச் சொருகினேன்.

எங்கள் வீடுகளில் ஒரே அடாப்டர்தான் ரேடியோவுக்கும், டார்ச்சுக்கும், சுருதிப் பெட்டிக்கும். நுழைந்தால் பொருந்தும். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்த மின்சாரம்.

நுழைந்தது. பெடலின் சிவப்பு லைட் ஒரு முறை பளிச்சென்று எரிந்து அணைந்தது. பிறகு அந்த வாசம்...

துணியைச் சுற்றினேன். டின்னை மூடினேன். மறுநாள் காலையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சாயங்காலம் திருவிழா மேடையில் கச்சேரி. குமரன் தன் சொந்த அடாப்டரை மாட்டி பெடலை மிதித்தான். லைட் வரவில்லை. மறுபடி மிதித்தான். முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். "என்னாலா, கரப்பான் பூச்சியா மிதிக்கிற?" என்று ஒருத்தர் கத்தினார்.

குமரன் என்னிடம் குனிந்தான். "டேய், நேத்து உங்கிட்ட இருந்தப்ப நல்லாத்தானே இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுலா."

"அப்ப வயர்லதான் ஏதோ..."

அதைக் கேட்டுக்கொண்டு நின்ற, தோட்டத்தில் எங்களை வேலை வாங்கும் மண்டோர் காத்தையா, கோயில் கமிட்டித் தலைவரும் அவர்தான், நேராக ரஃபிக்கிடம் போனார். காலையில் மேடைக்கு வயர் இழுக்கச் சொன்னதே அவர்தான்.

"டேய் பங்ளா! எவன்டா உன்ன வயர தொடச் சொன்னது?"

"அண்ணே, நான் சரியா போட்டது. லைட் பாரு, எரியுது. ஸ்பீக்கர் பாரு, பாடுது."

உண்மை. எல்லாமே அதே வயரில்தான் ஓடிக்கொண்டிருந்தன. அங்கே இருந்த அத்தனை பேருக்கும் கண் இருந்தது.

"எனக்கே பாடம் எடுக்கிறியா? போடா. சாப்பாட்டுக்கும் வராத!"

பந்திக்கு வாழை இலை வெட்டிக் கொண்டுவந்தது ரஃபிக். ஸ்க்ரூடிரைவரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடந்தான். போகும்போது என்னைப் பார்த்தான். தண்ணி வரிசைப் பழக்கம், நான் ஏதாவது சொல்வேன் என்று நினைத்திருப்பான்.

நான் பந்தியில் உட்கார்ந்தேன். பாயசம் இரண்டாவது முறையும் வாங்கினேன்.

மூன்று தலைமுறையாக நம்மை மட்டமாக நடத்தினார்கள் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் பேசுகிறோம். நானும் பேசுவேன், சத்தமாக. நம் தாத்தாக்களும் இப்படிக் காண்ட்ராக்டில் வந்தவர்கள்தான். நமக்குக் கீழே ஒருவன் கிடைத்ததும் நாம் என்ன செய்தோம்? அன்றைக்குத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை செய்ததையே செய்தோம். அந்த மண்டோரை நான் திட்டலாம். ஆனால் பொய் அவருடையது இல்லை.

சில மாதத்தில் காண்ட்ராக்டர் ரஃபிக்கை வேறு எங்கோ மாற்றிவிட்டான்.

இப்போது சிரம்பானில் ஃபிளாட். குழாயைத் திறந்தால் தண்ணீர். என்னிடமே இரண்டு டிலே பெடல் இருக்கிறது. காலால் தட்டி வேகம் வைக்கலாம், அணைத்த பிறகும் எதிரொலி தானாக மங்கி முடியும். அந்தப் பச்சைப் பெட்டியின் சத்தம் மட்டும் இவற்றில் இல்லை.

கேட்டவருக்குப் பதில்: எதிரொலி நேரம் முந்நூறு மில்லிசெகண்ட் போதும். திரும்ப வரும் சத்தம் இருட்டாக, இதமாக இருக்கிறதா என்று காதால் கேளுங்கள். ரிப்பீட் திருகை முழுக்கத் திருப்பினால் ஊளையிட வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், பவர் ஓட்டைக்குப் பக்கத்தில் பிளஸ், மைனஸ் போட்ட சின்னப் படம் இருக்கும். அதைப் பாருங்கள். உங்கள் அடாப்டரிலும் அதே படம் இருக்க வேண்டும். நுழைகிறது என்பதற்காகச் சொருகாதீர்கள்.

குமரா, நீ இந்த குரூப்பில்தான் இருக்கிறாய். அது வயர் இல்லைடா. நான்தான். திட்டு, போன் பண்ணு, வீட்டுக்கு வந்து அடி.

ரஃபிக்கையும் தேடிப் பார்த்தேன். ஃபேஸ்புக்கில் அந்தப் பெயரை அடித்தால் ஆயிரம் முகம் வருகிறது. அவன் முழுப்பெயரை எங்கள் லயத்தில் யாருமே கேட்டதில்லை. பக்கத்திலேயே நின்று வாளி வாங்கிய நானும்தான்.