குசினி மணி

சந்தனமும் நல்லெண்ணெயும் அடுப்புப் புகையும் கலந்த வாசனை மூக்கில் பட்டால் இன்றைக்கும் நான் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுவேன். மற்றவர்களுக்கு அது பூசை வாசனை. எனக்கோ, மலாக்காவில் ஜாசின் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் வீட்டு அடுப்படிச் சுவரில் தொங்கிய பழைய கடிகாரத்தின் வாசனை.

அப்பா, தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் புல் வெட்டி, பூச்செடிகளைப் பார்த்துக்கொண்டவர். துரை ஊரைவிட்டுக் கிளம்பும்போது பங்களாச் சமையலறையில் இருந்த அந்தச் சாவிக் கடிகாரத்தை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். சமையலறையைத் தோட்டத்தில் ‘குசினி’ என்போம். ஆகவே அது ‘குசினி மணி’. உள்ளே ஆடிய பித்தளை ஊசலுக்கு நாங்கள் வைத்த பெயர் ‘நாக்கு’. அது வந்த அன்றே பக்கத்து வீட்டு அஞ்சலை அத்தை வாசலில் நின்றபடி, உள்ளே காலடி வைக்காமலே சொன்னார்: “தொரசாணி செத்தன்னைக்கு இது தானா நின்னுச்சாம்லா. பாத்து வெச்சுக்கங்க, நிக்க மட்டும் விட்றாதீங்க!” நல்ல மனுஷிதான், ஆனால் அந்த வாய் இருக்கிறதே! தூக்கிப் போட்டுவிடலாம் என்றால், வீட்டுக்கு வந்ததை வெளியே போடுவது அதைவிடப் பெரிய வினை என்று அம்மா பயந்தார்.

அன்று பிடித்த பயம்தான். வெள்ளிக்கிழமை விளக்கேற்றியதும் அம்மா சாவி கொடுப்பார். மற்ற நாளெல்லாம் நான் சோற்றைப் பிசைந்துகொண்டே அதன் சத்தத்துக்குக் காது கொடுத்திருப்பேன். ஆயுத பூசை வந்தால் அப்பாவின் புல்வெட்டும் கத்தி, சைக்கிள், அரிவாள்மனை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு, கடைசியாகக் குசினி மணிக்கு வருவோம். சாவித் துளையைச் சுற்றி அம்மா கெட்டியாகச் சந்தனம் அப்பி, துளைக்குள் நல்லெண்ணெய் விடுவார். “இரும்புன்னா எண்ணெ குடிக்கணும்” என்பார் அப்பா. கத்திக்கும் சைக்கிளுக்கும் செய்வதை இதற்கு மட்டும் செய்யாமல் இருக்க முடியுமா என்ன?

பிறகு ஒரு வருடம் அப்பாவுக்கு வயிற்றில் கட்டி வந்தது. மலாக்கா பெரியாஸ்பத்திரியில் படுக்க வைத்து, ஆபரேசன் செய்யவேண்டும் என்றார்கள். அவர் அங்கே கிடக்கும்போதே ஆயுத பூசை வந்துவிட, அம்மா பஸ் பிடித்து வந்து, தலைக்கு ஊற்றிய ஈரம் காயாமல் பூசையைச் செய்தார். “இந்த வருசம் இது நல்லா ஓடணும் சாமி” என்று சொல்லிச் சந்தனத்தை வழித்து வழித்து அப்பினார். ஒரு கரண்டி எண்ணெயையும் துளைக்குள் ஊற்றினார். விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள் நான்.

அந்த வாரமே நாக்கின் ஆட்டம் குறைய ஆரம்பித்தது. முதலில் கண்டவள் நான்தான். யாரிடம் சொல்வது? அம்மா ஆஸ்பத்திரியில், தம்பியோ சின்னப் பிள்ளை. விரலால் தள்ளிவிட்டேன். கொஞ்சம் ஆடி நின்றது. மறுபடி தள்ளினேன். பள்ளிக்கூடம் போகாமல் முக்காலி மேல் ஏறி நின்று தள்ளிக்கொண்டே இருந்தேன். என் விரல் நின்றால் அப்பா மூச்சு நின்றுவிடும் என்றுதான் நினைத்தேன். அப்படிப் பயந்தது என் வாழ்க்கையில் வேறெப்போதும் இல்லை.

ஆபரேசனுக்கு முந்தின நாள் காலை, மாற்றுத்துணி எடுக்க வந்த அம்மா அடுப்படியில் குசினி மணியின் சத்தம் இல்லாததைக் கவனித்துவிட்டார். அப்படியே தரையில் உட்கார்ந்தார். பிறகு எழுந்து, மாற்றுத்துணியையும் எடுக்காமல் பஸ் ஏறிப் போனார். சாயங்காலம் டாக்சியில் அப்பாவோடு வந்து இறங்கினார். “நேரம் சரியில்ல. இப்போ கத்தி வெக்கக் கூடாது” என்றார். டாக்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாராம். அடுத்த தைப்பூசத்துக்கு அப்பா இல்லை. ஆபரேசன் செய்திருந்தால் பிழைத்திருப்பாரா, யாருக்குத் தெரியும்?

குசினி மணியை அம்மா பழைய வேட்டியில் சுற்றி வைத்தார். தோட்டத்தைவிட்டு, புக்கிட் காத்தில் என்ற ஊரில் இப்போதிருக்கும் வீட்டுக்குக் குடிவந்தபோது அதுவும் கூடவே வந்து அலமாரி மேல் ஏறியது. போன வருடம் வீட்டுக்குச் சாயம் அடிக்கும்போது, ஏர்கண்டிஷன் பழுதுபார்க்கும் என் தம்பி அதை இறக்கினான். “தொடாதடா!” என்று கத்தினேன். அவன் சிரித்தான். சாப்பாட்டு மேசையில் பேப்பர் விரித்து அதைத் திறந்தபோது, நான் அஞ்சலை அத்தை மாதிரி வாசற்படியைத் தாண்டாமல் நின்றேன். அதே வாசனை வந்தது. சாத்தே இறைச்சி கோர்க்கும் மூங்கில் குச்சியால் உள்ளே எதையோ சுரண்டியவன் சட்டென்று சிரிப்பை நிறுத்தினான்.

“அக்கா, இங்க வா. ஸ்பிரிங்கு நல்லாத்தான் இருக்கு, பல்லு ஒன்னும் தேயல. இது பூரா சந்தனம்கா. எண்ணெயில ஊறி, காஞ்சு, சிமெண்டு மாதிரி அடைச்சிருக்கு.”

வாசற்படியைத் தாண்டிப் போய்ப் பார்த்தேன். நிற்கக்கூடாது என்று நாங்கள் ஊற்றியதே அதை நிறுத்தியிருக்கிறது.

அவன் சக்கரங்களை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, ஊசி முனையால் கொஞ்சமே கொஞ்சம் கடிகார எண்ணெய் தொட்டு வைத்தான். மறுநாள் நாக்கு ஆடியது. கூடத்திலிருந்து அம்மா கேட்டார்: “அன்னைக்கு ஏன் நின்னுச்சாம்?” தம்பி என் முகத்தைப் பார்த்தான். “பழசுலாம்மா, ஸ்பிரிங்கு போச்சு” என்றேன். அம்மா தலையை ஆட்டினார். “உங்கப்பாவுக்கு முன்னாடியே அதுக்குத் தெரிஞ்சிருக்கு.” இத்தனை வருடமும் அந்த ஒரு நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டுதான் அவர் உயிரோடு இருக்கிறார்.

லயம் இருந்த இடத்தில் இப்போது பாமாயில் எடுக்கும் செம்பனை நிற்கிறது. அஞ்சலை அத்தை போய்ச் சேர்ந்துவிட்டார். கடிகாரத்திலும் அந்தப் பழைய வாசனை இல்லை. மண்ணெண்ணெய் நெடிதான் அடிக்கிறது. ஆனால் என் பயம் மட்டும் போகவில்லை. இந்த வருட ஆயுத பூசையன்று தம்பியின் ஸ்பேனர்களுக்கும் என் காருக்கும் சந்தனம் வைத்து முடித்த அம்மா, கிண்ணத்தையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு குசினி மணியிடம் போனார். நான் ஓடிப்போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வேன்? பிடியை மட்டும் விடவில்லை.

“கைய விடும்மா” என்றார் அம்மா. “எண்ணெ ஊத்தலன்னா நின்னுரும்லா.”