அண்டர் த வெதர்

உடம்பு சரியில்லை என்பதை இங்கிலீசுக்காரன் 'அண்டர் த வெதர்' என்பான். காலநிலைக்குக் கீழே. கப்பல்காரரின் பேச்சிலிருந்து வந்ததாம். சுகமில்லாத மாலுமியைக் காற்றும் அலையும் அடிக்கிற மேல்தளத்திலிருந்து இறக்கிக் கீழே படுக்க வைப்பார்களாம். அதற்குச் சான்றில்லை என்பவர்களும் உண்டு. சளி பிடித்துத் தடிமன் என்றாலும் அதுதான், முதல் நாள் குடித்த வெறி முறியாவிட்டாலும் அதுதான். எனக்கு இப்போது அந்தச் சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது.

துறைமுகப் பக்கத்துக் களஞ்சியம் ஒன்றில் வேலை செய்த என் மனைவி அதை அங்கேதான் பழகினாள். புற்றுநோய் என்று வைத்தியர் சொன்ன அன்று, காரில் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. பிள்ளைக்குக் கலியாணம் பேசிற நேரம்."

தாய்க்கு அந்த வருத்தம் என்றால் மகளுக்கும் வரும் என்று மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்குவார்கள். எங்கள் சனத்தைப் பற்றி அவள் நினைத்தது பிழையில்லை. அதுதான் கொடுமை.

தமிழில் சொன்னால் என்ன வருத்தம், எந்த ஆஸ்பத்திரி என்று துருவுவார்கள். இங்கிலீசில் சொன்னால் விட்டுவிடுவார்கள். டொலார்ட் முருகன் கோயிலில் விசாரித்தவர்களுக்கும், செயின்ட்-மிஷேலில் இருக்கும் அவளுடைய சொந்த அக்காவுக்கும் 'அண்டர் த வெதர்' என்ற அதே பதில்தான். பனிக்காலத்தில் எல்லாருக்கும் அப்படித்தான், கொத்தமல்லி அவித்துக் குடிக்கட்டும் என்றார் அக்கா. வருத்தம் என்று கேள்விப்பட்டால் தோடம்பழப் பையோடு ஓடிவருகிற சனம் நாங்கள். எங்கள் வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை. முடி கொட்டிய தலையைத் துணியால் மூடிக்கொண்டு அவள் சுவரைப் பார்த்தபடி கிடந்தாள். அக்காவைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது என்று ஒருநாள் அழுதாள். கூப்பிடவா என்று கேட்டேன். அக்காவின் வாயில் ஒன்றும் தங்காது, வேண்டாம் என்றாள்.

மாசியில் மாப்பிள்ளை வீட்டார் சம்மதம் சொன்னார்கள். அப்போது அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள்; பிரெஞ்சு பேசும் தாதிகள் எது செய்தாலும் 'மெர்சி' என்று அவர்களுடைய பாஷையில் நன்றி சொல்லுவாள். குனிந்து காதுக்குள் சொன்னேன்.

"இனி அக்காவை வரச்சொல்லுங்கோ" என்றாள்.

மறுநாள் அக்கா வருவதற்குள் காய்ச்சல் ஏறி நினைவு தடுமாறிவிட்டது. கட்டிலருகே நின்று அக்கா அழுதார். எனக்குமா மறைத்தீர்கள் என்று என்னைக் கேட்டார். பிறகு பஞ்சைத் தண்ணீரில் தோய்த்துத் தங்கையின் காய்ந்த உதடுகளை நனைத்தார்.

தாதி என்று நினைத்தாள் போலிருக்கிறது. கண்ணைத் திறக்காமலே என் மனைவி தன் அக்காவிடம் "மெர்சி" என்றாள்.