‘அண்ணனுக்கு வேண்டாம்’ என்று எழுதிய கேசட்

எங்கள் அம்மா படங்களைப் பாதியாகத்தான் பார்த்திருக்கிறாள். அதுவும் பின்பாதி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிவியில் படம் தொடங்குகிற நேரமும், சொசைட்டியில் பால் ஊற்றுகிற நேரமும் ஒன்றாக இருந்தன. மாட்டைக் கறந்து, கேனைத் தூக்கிக்கொண்டு போய், வரிசையில் நின்று ஊற்றிவிட்டு அவள் வரும்போது, படத்தை நிறுத்திவிட்டுச் செய்தி வாசித்துக்கொண்டிருப்பார்கள்.

ஒலக்கூர் பக்கத்தில் எங்கள் ஊர். அப்போது ஊருக்கே பஞ்சாயத்து டிவி ஒன்றுதான். நான் திண்டிவனத்தில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். முன்பாதியைப் பார்த்து வைத்து, செய்தி முடிவதற்குள் அம்மாவுக்குச் சொல்லவேண்டியது என் பொறுப்பு. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து என் பக்கத்தில் குந்துவாள்.

“ம், சொல்லு. யாரு யாருக்கு இன்னா வேணும்?”

நான் சொல்வேன். அவளுக்கு அதில் சந்தேகமே வராது. ஆஸ்பத்திரிச் சீட்டு, ரேஷன் கார்டு, வருகிற கடுதாசி, எல்லாவற்றையும் நான்தான் படித்துச் சொல்வேன். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடப் படி ஏறியதில்லை. அதனால் நான் ஒன்றைச் சொன்னால் அது அச்சடித்த மாதிரி அவளுக்கு. பக்கத்தில் யாராவது, “அப்படி இல்லக்கா, அவன் மாமன் மவன்” என்று திருத்தினால்கூட, “படிச்ச புள்ள தப்பா சொல்லுமா, நீ கம்முனு இரு” என்று வாயை அடைத்துவிடுவாள். அந்த நம்பிக்கைமேல் எனக்குப் பயம் உண்டு. தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழகியதே அவளால்தான்.

ஒரே ஒரு முறை பொய் சொன்னேன்.

அந்தப் படத்தின் முன்பாதியில் ஒரு சின்னப் பெண் வருவாள். நாலைந்து வயது இருக்கும். வீடு முழுக்க ஓடிக்கொண்டே இருப்பாள். செய்திக்கு நிறுத்துவதற்குக் கொஞ்சம் முன்னால் காய்ச்சல் கண்டு செத்துப்போவாள். எனக்கு முன்னால் பிறந்த அக்கா ஒருத்தி அப்படித்தான் காய்ச்சலில் போனாள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அப்பா, நாங்கள் நைனா என்போம், அவர் ஒரு தரம் சொல்லியிருக்கிறார். அம்மா சொன்னதே இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை படையலில் புதுப் புடவைக்குப் பக்கத்தில் ஒரு சிறு பாவாடையும் வைப்பாள். யாருக்கும்மா என்றால், “வைக்கணும்” என்பாள். அவ்வளவுதான். வீட்டில் ஒரு போட்டோகூடக் கிடையாது.

அன்றைக்கு அம்மா வந்து குந்தினாள். “சொல்லு.”

“புருஷன் பொண்டாட்டிக்குள்ள சண்டை. பொண்ண மாமன் வந்து பாண்டிச்சேரிக்குக் கூட்டிக்கினு போயிட்டாரும்மா, படிக்க வைக்க” என்றேன்.

பின்பாதி முழுக்க அந்தத் தாய் அடிக்கடி வாசலில் நின்று தெருவைப் பார்ப்பாள். படம் முடிந்து எழுந்து வரும்போது அம்மா சொன்னாள்: “இன்னா படம் எடுத்தானுங்க. அத்தினி நேரம் வாசல்லியே நிக்கறா. அந்தப் பொண்ண ஒரு நாளு லீவுக்காவது இட்டுக்கினு வந்து காட்ட வேணாமா?”

அத்தோடு விடவில்லை. களை எடுக்கும்போதும் மல்லாட்டை என்கிற நிலக்கடலையை ஆயும்போதும் அதைப் பற்றிப் பேசினாள். “பாண்டிச்சேரி பொண்ணு” என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டாள். எனக்கு விழுப்புரத்தில் குமாஸ்தா வேலை கிடைத்து, நான் அங்கே அறை எடுத்துத் தங்கி, வீட்டுக்கு ஒரு கறுப்பு வெள்ளை டிவி வாங்கி வைத்த பிறகும், ஊருக்குப் போகும்போதெல்லாம் எப்போதாவது கேட்பாள். “அந்தப் படம் மறுபடி போடலியாடா? அந்தப் பொண்ணு மூஞ்சிய நான் பாக்கவே இல்லியே.”

எங்கள் ஆபீசில் எனக்கு அடுத்த மேசை ஒரு பாய். கோட்டக்குப்பத்துக்காரர். அவருடைய தம்பி துபாயில் இருந்தார். தம்பி அனுப்பிய வீடியோ டெக் அவர்கள் வீட்டில் இருந்தது. ஞாயிறுதோறும் டிவியில் வரும் படத்தைப் பாயின் தங்கை கேசட்டில் பதிவு செய்வாள். யாராவது துபாய்க்குப் போகும்போது நாலு கேசட் போகும். அங்கே ஒரு அறையில் எட்டுப் பேர் உட்கார்ந்து, ஊரில் ஒரு மாதத்துக்கு முன்னால் ஓடியதை வெள்ளிக்கிழமை பார்ப்பார்களாம்.

அம்மா பின்பாதி மட்டும் பார்க்கிற கதையை ஒரு நாள் பாயிடம் சொன்னேன். அவர் கோப்பைக் கட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, “ரெண்டாம் சனிக்கிழமை லீவுதான? வீட்டுக்கு வா தம்பி. டெக்க எடுத்துக்கினு போ. அம்மா ஒரு நாளாவது முழுசாப் பாக்கட்டும்” என்றார்.

போனேன். பாயின் தங்கை டெக்கைப் போர்வையில் சுற்றிக் கட்டி, ஒயரைத் தனியாக வைத்து, எதை எங்கே சொருகுவது என்று சொல்லிக்கொடுத்தாள். பிறகு ஒரு பையில் ஐந்து கேசட்.

“அண்ணே, ஒண்ணு சொல்லிடறேன். நல்ல படமெல்லாம் போன வாரம் துபாய் போயிடுச்சி. இது ஒதுக்கி வச்சது. எல்லாம் அழற படம்.”

எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு கேசட்டின் முதுகிலும் சீட்டு ஒட்டி, கையெழுத்தில் எழுதியிருந்தது. அழுகை. அண்ணனுக்கு வேண்டாம். அடுத்ததில், பாதி அழுகை. இன்னொன்றில், குழந்தை சாகுது. அண்ணனுக்கு வேண்டவே வேண்டாம்.

“துபாய் அண்ணன் தனியா இருக்குறவரு. இதெல்லாம் பாத்துட்டு அங்க யாரு மடியில சாஞ்சி அழுவாரு?” என்றாள். “எத அனுப்பலாம், எத வேணாம்னு நான்தான் பிரிப்பேன். அவருக்குத் தெரியாது. சொல்லிடாதீங்க.”

பாய் உள்ளே இருந்து, “படம் வரலன்னா போன் பண்ணி என்னத்தான் திட்டறான்” என்றார்.

டெக்கை மடியிலேயே வைத்துக்கொண்டு புதுச்சேரி வந்து, திண்டிவனம் பஸ் பிடித்தேன். கண்டக்டர், “இன்னாப்பா, பச்சப் புள்ளயா?” என்று போர்வையை விலக்கிப் பார்த்தார்.

ராத்திரியில் எங்கள் ஊரில் வோல்டேஜ் இருக்காது. ஞாயிறு காலையிலேயே போட்டுவிடலாம் என்று அம்மா முடிவு செய்தாள். நைனா தண்ணீர் கட்டப் போய்விட்டார். எதிர்வீட்டு அத்தை ஒரு முறம் மல்லாட்டையோடு வந்து உட்கார்ந்தாள். உடைக்கிற சாக்கு.

“ஏன்டா, பாலு ஊத்தப் போறதுக்குள்ள முடிஞ்சிடுமா? இல்ல இதுலயும் செய்தி வாசிப்பானுங்களா?”

“வாசிக்க மாட்டாங்க அத்தை.”

“அப்ப உங்கம்மாவுக்குப் படம் புரியாது. அவளுக்கு நீ சொன்னாத்தான் புரியும்.”

குழந்தை சாகுது என்று எழுதியதைப் பையின் அடியிலேயே விட்டு, ‘பாதி அழுகை’யை எடுத்துப் போட்டேன். டிவியில் கோடு கோடாக ஓடி, படம் தெளிந்தது. ஒரு வீடு. ஒரு வாசல். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு சின்னப் பெண் ஓடி வந்தாள்.

நான் பொய் சொன்ன அதே படம். பாயின் தங்கை எந்தக் கணக்கில் இதைப் பாதி அழுகை என்று போட்டாளோ தெரியவில்லை.

“யாருடா இந்தப் பொண்ணு?” என்றாள் அம்மா. தானே புரிந்துகொண்டாள். “டேய், இதான பாண்டிச்சேரி பொண்ணு?”

ஆமாம் என்றேன். வேறு போடட்டுமா என்றதற்குக் கையை மட்டும் அசைத்தாள். கண்ணை டிவியிலிருந்து எடுக்கவில்லை. அந்தப் பெண் திண்பண்டத்தைத் திருடித் தின்றபோது சிரித்தாள். கோழியைத் துரத்தியபோது, “அய்ய, வாலு” என்றாள். எனக்கு ஒன்றும் கண்ணில் ஏறவில்லை. அந்தப் பெண் உயிரோடு இருக்கப்போகிற நேரம் குறைந்துகொண்டே வருகிறது. நான் சொன்ன பொய்யின் ஆயுளும் அவ்வளவுதான். நான் எழுந்து போய் டெக்கின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன்.

பெண் பாயில் படுத்திருந்தாள். தாய் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். நான் வேகமாக ஓட்டுகிற பொத்தானை அமுக்கினேன்.

திரை இருண்டுவிடும், தாண்டிப் போய்விடலாம் என்று நினைத்திருந்தேன். அந்த டெக்கில் அப்படி இல்லை. சத்தம் மட்டும் நின்றது. படம் எல்லாம் தெரிந்தது. டாக்டர் தடதடவென்று உள்ளே வந்து தடதடவென்று வெளியே போனார். ஆட்கள் குபுகுபுவென்று ஓடிவந்தார்கள். தாய் படபடவென்று மார்பில் அடித்துக்கொண்டாள். யாரோ எதையோ தூக்கிக்கொண்டு எறும்பு மாதிரி வாசலைத் தாண்டி ஓடினார்கள்.

எதிர்வீட்டு அத்தை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். “இன்னாடா இது, பஸ்ஸப் புடிக்கப் போற மாதிரி ஓடறானுங்க.”

“நிறுத்து” என்றாள் அம்மா.

நிறுத்தினேன். படம் ஒரு கோட்டோடு நடுங்கிக்கொண்டு நின்றது.

“அந்தப் பொண்ணுக்கு இன்னா ஆச்சி?”

அத்தையின் சிரிப்பு பாதியில் அறுந்தது. அவளுக்கு என் அக்காவைத் தெரியும். முறத்தைக் கீழே வைக்கவும் முடியாமல் மடியில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“செத்துடுச்சிம்மா” என்றேன்.

“பாண்டிச்சேரி?”

“படத்துல பாண்டிச்சேரியே கிடையாது. நான் சொன்னது.”

அத்தை, “அடுப்புல பருப்பு வச்சிட்டு வந்தேன்” என்று எழுந்து போய்விட்டாள். மல்லாட்டை முறத்தை விட்டுவிட்டுப் போனாள். அம்மா திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது. ஒவ்வொரு கடுதாசியிலும் இனிமேல் என் முகத்தைப் பார்ப்பாளோ, வேறு யாரிடமாவது காட்டி நிஜம்தானா என்று கேட்பாளோ என்றெல்லாம் ஓடியது.

“ஏன் அப்படிச் சொன்ன?”

“நீ பாலு ஊத்திட்டு வந்து குந்துன. சொல்ல வரலம்மா.”

டிவி பக்கம் திரும்பினாள். பிறகு, “பின்னாடி ஓட்டு. அவ படுக்குற எடத்துல இருந்து போடு. மெதுவா” என்றாள்.

போட்டேன். முழுசாகப் பார்த்தாள். நான் டிவியைப் பார்க்காமல் அவளையே பார்த்தேன். திரையில் அந்தத் தாய் கத்திக் கத்தி அழுதாள். அம்மாவின் கண்ணில் தண்ணீர் வரவில்லை.

“இவளுக்குத் தெரியல. அப்ப சத்தமே வராது. ரெண்டு நாளு கழிச்சித்தான் வரும்” என்றாள். அந்தக் காட்சி முடிந்ததும் கேசட்டில் செய்தி வந்தது. பாயின் தங்கை நிறுத்த மறந்து அதையும் பதிவு செய்திருந்தாள். அம்மா அதைப் பார்த்து, “ஆமா, இப்பத்தான் நான் வருவேன்” என்றாள்.

பின்பாதியைப் பார்க்கவேண்டாம் என்றாள். “அது எனக்குத் தெரியும். முன்னால போ. அவ ஓடி வர்றா பாரு, பாவாடையச் செருவிக்கினு. அதப் போடு.”

போட்டேன். முடிந்ததும், “இன்னொரு வாட்டி” என்றாள். மூன்றாம் முறை அந்தப் பெண் வாசலைத் தாண்டும்போது, டிவியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “உங்கக்கா இவ்ளோ செவப்பு இல்ல.”

நான் பொத்தானிலிருந்து கையை எடுத்தேன்.

“உன்ன மாதிரிதான், கறுப்பு. முடி மட்டும் சுருட்ட. எண்ணெ வச்சா ஓடுவா. இது மாதிரியேதான் செருவிக்குவா, நான் சொல்லிக் குடுக்கல, அதுவா கத்துக்கிச்சி.”

“என்னைப் பாத்துச்சாம்மா அது?” என்று கேட்டேன். எனக்கு அது தெரியாது. எத்தனை வயதில் போனாள், நான் பிறந்திருந்தேனா என்பதுகூட யாரையும் கேட்டதில்லை.

“பாத்தாளாவா?” அம்மா என் பக்கம் திரும்பினாள். “உன்னக் கண்டாலே அவளுக்கு ஆவாது. நீ பொறந்து மூணு மாசம். உன்ன மடியில போட்டா வந்து கால இழுப்பா. மல்லாட்டை வாங்குறவன் மரக்காலு எடுத்துக்கினு வந்தான் ஒரு நாளு. நைனா அளந்து போட்டுக்கினு கீறாரு. இவ உள்ள வந்து, உன்னத் துணியோட இழுத்துக்கினு போயி, இதயும் அளந்து எடுத்துக்கினு போங்கறா.”

“அவன் இன்னா சொன்னான்?”

“அவனா? சொத்தையா கீது, வேணாம்னுட்டான்.”

அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். படம் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான் சத்தத்தைக் குறைத்துவிட்டு, அவளுக்கு எதிரில் நகர்ந்து உட்கார்ந்தேன்.

“அப்புறம்?” என்றேன்.