எரியாமல் போன சிவப்பு விளக்கு

என் பழைய காரைப் பல வருடங்களாக ஒரே மெக்கானிக்கிடம்தான் விட்டு வந்தேன். சம்பா அறுவடைச் சமயத்தில், இன்ஜின் சூடானால் எரியும் சிவப்பு விளக்கு அடிக்கடி எரிந்தது. "சரி பண்ணிட்டேங்கண்ணே, இனிமே எரியாது" என்றார். உண்மையிலேயே எரியவில்லை.

அடுத்த வாரம், அத்தானின் அறுபதாம் கல்யாணத்துக்காக அக்காவையும் அவரையும் ஏற்றிக்கொண்டு திருக்கடையூர் புறப்பட்டேன். பாதி வழியில் பானட்டுக்குள் ஆவி சீறியது; இன்ஜின் நின்றுவிட்டது. விளக்கு அப்போதும் எரியவில்லை.

"கல்யாணப் பொண்ணு பஸ்ல போறேன், பாருடா" என்று அக்கா சிரித்தாள். கண் கலங்கியிருந்தது. போய்ச் சேர்ந்தபோது முகூர்த்தம் தாண்டிவிட்டது.

வண்டியைப் பிரித்த வேறொரு மெக்கானிக் எனக்குக் காட்டினார். சாலையில் காயப்போட்ட வைக்கோல்மீது ஓட்டி ஓட்டி, ரேடியேட்டரின் முகப்பெல்லாம் பதர் அடைத்திருந்தது. விளக்கின் வயர் கழற்றப்பட்டிருந்தது.

பழையவரைக் கேட்டேன். "நீங்க சும்மா சும்மா பயப்படுறீங்கன்னுதாண்ணே கழட்டி விட்டேன்."

இப்போதெல்லாம் சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு ஒருமுறை எரிந்து அணைந்தால்தான் கிளம்புகிறேன். வைக்கோல் சாலையில் போய் வந்தால், இன்ஜின் ஆறியபின் ரேடியேட்டர் முகப்பைக் கழுவுகிறேன். பழைய மெக்கானிக்கின் பட்டறையை நான் தாண்டும்போது அவர் வணக்கம் சொல்கிறார். நானும் சொல்கிறேன், வண்டியை நிறுத்துவதில்லை.