சுருளிவேலின் முதல் தோடு

"உக்காராதீக ஆத்தா, நின்னு பாருங்க" என்கிறார் சுருளிவேல். போடியில் உள்ள அவருடைய பட்டறையின் சிமெண்டுத் தரையில், கரித்துண்டால் வரைந்த அட்டிகை ஒன்று கிடக்கிறது. யார் எந்த நகை கேட்டு வந்தாலும் முதலில் தரையில் முழ அகலத்துக்குப் படம் போட்டுக் காட்டுவார். காகிதத்தில் வரைய அவருக்குக் கை வராது.

நடுப்பூவில் தொடங்கித்தான் வெளியே வருவார். காரணம் கேட்டால் சிரிப்பு. "ரோட்டுல சாமி படம் போடுறப்ப மொகத்தத்தான் மொதல்ல முடிப்பேன். போலீசு பாதியில வெரட்டினாலும் மொகம் மிஞ்சும்ல?"

சொந்த ஊர் சிலமலை. மழை பொய்த்த இரண்டு வருடம், போடி பஸ் நிலையத்தை ஒட்டிய சாலையில் கரியும் கலர்ப்பொடியுமாக மாரியம்மனை வரைந்து பிழைத்தார். எழுபத்தொன்றில் ஒருநாள், ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கும் ராக்கு ஜீப்பில் சந்தைக்கு இறங்கியவள், அம்மன் முகத்தருகே அரைமணி நேரம் நின்றாள். அடுத்த வாரம் அவள் வந்தபோது படத்தை மழை கழுவியிருந்தது.

"அண்ணே, ஆத்தா காதுல தாமரைத் தோடு போட்டிருந்தீகளே, அது மாதிரி எனக்கு ஒண்ணு செஞ்சு குடுங்க."

"எனக்குப் படந்தான் தாயி போடத் தெரியும்."

"அப்பக் கத்துக்கிட்டுச் செய்யுங்க. எங்கம்மா காதுல போட்டிருந்த தண்டட்டி சும்மாதான் கெடக்கு, அத உருக்கிக்கலாம். நான் எங்க போயிரப் போறேன்?"

அந்த மாதமே ஒரு நகைப்பட்டறையில் துருத்தி ஊதச் சேர்ந்தார். சந்தைக்கு வரும்போதெல்லாம் ராக்கு வாசலில் எட்டிப் பார்த்து, "ஆச்சாண்ணே?" என்று கேட்டுவிட்டுப் போவாள். தோடு ஆக மூன்று வருடம் பிடித்தது. சொந்தப் பட்டறை அதற்கு மறு வருடம்.

அந்தத் தோட்டில் ஒரு குறை. வலது தாமரைக்கு எட்டு இதழ், இடதுக்கு ஏழுதான். அவள் அணிந்துகொண்டு ஜீப்பில் ஏறிய பிறகே அது அவர் கண்ணில் பட்டது. அன்றிலிருந்து ஏதாவது சாக்குச் சொல்லி அதைத் திரும்ப வாங்கப் பார்த்தார். "திருகாணி தேஞ்சிருக்கும் தாயி, கழட்டிக் குடு. உருக்கிப் புதுசாவே செஞ்சு தாறேன்." அவள் மசியவில்லை. "இதுக்கு ஒரு கொறையும் இல்ல. உங்க சோலியப் பாருங்கண்ணே."

எண்பத்தாறு சித்திரையில் நகைத் தொழிலாளர் சங்கம், அவர் செய்த நகைகளை மட்டும் ஒரு மண்டபத்தில் இரண்டு நாள் காட்சிக்கு வைத்தது. பக்கத்து ஊரான தேவாரத்திலிருந்தும் மலைத்தோட்டங்களிலிருந்தும் பெண்கள் தங்கள் நகைகளை இரவல் தந்தார்கள். ராக்குவுக்கு மட்டும் அவர் தகவல் சொல்லவில்லை. மனைவி பொன்னுமணி சொல்லியனுப்பிவிட்டாள்.

இரண்டாம் நாள் காலையில் ராக்கு வந்து நின்றாள். தோட்டைக் கழற்றிக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க மாட்டேன் என்றாள். "காது மூளியா எப்படி நிப்பேன்?" பொன்னுமணி நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து, பெட்டிகளின் வரிசையிலேயே அவளை உட்கார்த்தி வைத்தாள். கூட்டம் அந்தப் பக்கம் திரும்பியது. சுருளிவேல் ஒரு தூணோரம் ஒதுங்கினார்.

தேவாரத்து நகைக்காரர் ஒருவர் குனிந்து, இதழ்களை விரலால் எண்ணத் தொடங்கினார்.

"எண்ணாதீக. இந்தப் பக்கம் ஒண்ணு கொறையும்" என்றாள் ராக்கு. "போட்ட அன்னைக்கே எண்ணிட்டேன். அண்ணன் சங்கடப்படுவாகன்னுதான் இத்தன வருசமா வாயத் தொறக்கல. எங் காதுக்குப் பழகிப்போச்சு. மாத்துனா எனக்குப் பிடிக்காது."

யாரோ சிரித்தார்கள். நகைக்காரர் விரலை எடுத்துக்கொண்டார். சுருளிவேல் தூணை விட்டு வந்தார். தனக்குப் பேர் வாங்கித் தந்த கல் அட்டிகையின் மேல் எரிந்துகொண்டிருந்த மேசை விளக்கை எடுத்தார். வயரை இழுத்து, ராக்குவின் இடது காதுக்கு நேராக வெளிச்சத்தைத் திருப்பி வைத்தார்.