வெளுத்த பாறைக்குள் ஒரு மூச்சு

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு சித்திரை மாதம். பாம்பன் பக்கம் எங்கள் ஊரிலிருந்து பெண்கள் பத்துப் பேர் படகில் தீவோரம் பாசி எடுக்கப் போயிருந்தோம். மூச்சைப் பிடித்து முங்கி, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்து வருவதுதான் எங்கள் பிழைப்பு.

இரண்டிரண்டு பேராகத்தான் முங்குவோம். ஒருத்தி கீழே போனால் மற்றவள் மேலே நின்று 'அருள் நிறைந்த மரியே' செபத்தை மூன்று முறை சொல்வாள். அதற்குள் வராவிட்டால் அவளும் பாய வேண்டும்.

என் ஜோடி, அண்ணன் மனைவி. முதல் நாள் குழாயடியில் குடம் வைக்கிற இடத்துக்காக மதினிக்கும் எனக்கும் சண்டை முற்றி, பேச்சு நின்றிருந்தது. எனக்கு வீம்பு கொஞ்சம் அதிகம். 'போறேன்' என்று ஒரு வார்த்தை சொல்லாமல் குதித்துவிட்டேன்.

தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது. பழுப்பும் பச்சையுமாகப் பார்த்துப் பழகிய பவளப்பாறை முழுக்கச் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளை. மீன் ஒன்றுகூட இல்லை. அங்கே எப்போதும் எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும்; அதுவும் இல்லை. அதற்கே பயந்து நான் மேலே வந்திருக்க வேண்டும். எனக்கோ, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அது அழகாகப் பட்டது. பாறைக்கு அடியில் குகை மாதிரி ஒரு குடைவு உண்டு. அதற்குள்ளும் பார்க்கலாமே என்று நுழைந்தேன்.

திரும்பினால் வாசலைக் காணோம். வாசல் ஓரம் பழுப்பாக நிற்கும் மான்கொம்புப் பவளத்தை அடையாளம் வைத்துத்தான் வெளியே வருவோம். அன்று எல்லாமே ஒரே வெள்ளை. பொத்தல்கள் வழியே வெளிச்சம் நாலா பக்கமும் வந்தது. எங்கே கை வைத்தாலும் பாறை. நெஞ்சு வெடிக்கப் பார்த்தது. மேலே எனக்காக யாரும் செபம் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. தொட்டிலில் விட்டுவந்த மகள் முகம் கண்ணுக்குள் வந்தது.

கணுக்காலை ஒரு கை பிடித்து இழுத்தது.

மேலே வந்து இருமி முடிப்பதற்குள் முதுகில் ஓர் அடி. "ஏண்டி, சொல்லாமக்கூடவா முங்குவ? மூணு மரியேயும் முடிஞ்சிருச்சு, ஒன்னையக் காணோம்!" மதினி அழுதுகொண்டிருந்தாள்.

"எங்கூடப் பேசத்தான் இல்லையே மதினி, எனக்கு எதுக்குச் செபம் சொன்ன?"

"பேசாட்டா? அதுக்காக விட்ருவாகளாக்கும்!"

சில நாள் கழித்து, கடலைப் பற்றிப் படித்த ஒருவர் கரையில் எங்களுக்கு விளக்கினார். கடல் சூடேறியதில் பவளம் வெளுத்துவிட்டதாம். வெளுத்த உடனே சாகாது, சூடு தணிந்தால் பிழைக்கவும் செய்யும் என்றார். அந்தக் குடைவு பிழைக்கவில்லை. கொஞ்ச மாதத்தில் அழுக்குப் பாசி மூடி, பொடிந்து சரிந்தது.

உயிருக்குப் போராடிக்கொண்டிருந்த ஒன்றுக்குள் நுழைந்து, எவ்வளவு அழகு என்று நான் வேடிக்கை பார்த்திருக்கிறேன். மூச்சு முட்டியதைவிட அதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது.